பேரவையில் நிறைவேறிய சட்டமுன்வடிவு எப்போது நம்மைக் கட்டுப்படுத்தும்? சரிபார்க்கும் முறை (தமிழ்நாடு)

#1 மலைக்கோட்டை_வாசகி

கூட்டத்தொடரின் கடைசி இரண்டு நாட்களில் தொலைக்காட்சியில் வரிசையாக ஓடும்: இந்தச் சட்டமுன்வடிவு நிறைவேறியது, அந்தச் சட்டமுன்வடிவு நிறைவேறியது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் "இன்று முதல் புதிய சட்டம்" என்று சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். நிறைவேறிய ஒன்று எந்தத் தேதியிலிருந்து நம்மைக் கட்டுப்படுத்தும், அதை எந்தத் தாளைப் பார்த்து உறுதி செய்வது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள். சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இருக்கட்டும்.

#2 அரசிதழ்_வாசகன்

வாசகி மேடம், ஒரு சட்டமுன்வடிவுக்கு ஐந்து தேதிகள் உண்டு. அறிமுகமான நாள், பேரவை நிறைவேற்றிய நாள், ஒப்புதல் கிடைத்த நாள், அரசிதழில் வெளியான நாள், நடைமுறைக்கு வந்த நாள். செய்தியில் வருவது இரண்டாவது. உங்கள் சங்க உறுப்பினர்களுக்கு வேண்டியது ஐந்தாவது. இரண்டுக்கும் இடையில் சில நாட்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம்.

பார்க்க வேண்டிய தாள் தமிழ்நாடு அரசிதழ். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையதளத்தில் ஆண்டு, தேதி வாரியாக இருக்கிறது. பகுதி 4-இல் பிரிவு 1 என்றால் சட்டமுன்வடிவு, பிரிவு 2 என்றால் சட்டமும் அவசரச் சட்டமும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பிரிவு 1-இல் வந்த பக்கத்தைப் படம் எடுத்து "அரசிதழிலேயே வந்துவிட்டது பாருங்கள்" என்று அனுப்புவார்கள். அது அறிமுகமான நகல் மட்டுமே.

பிரிவு 2-இல் சட்டத்தின் வாசகம் தொடங்குவதற்கு முன், தலைப்பகுதியில் ஒரு வரி இருக்கும்: பேரவையின் இந்தச் சட்டத்துக்கு இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது, பொதுத் தகவலுக்காக வெளியிடப்படுகிறது என்ற பொருளில். சில சட்டங்களில் ஆளுநர் இருக்க வேண்டிய இடத்தில் குடியரசுத் தலைவர் என்று இருக்கும். அந்த ஒரு சொல்லை வைத்தே பின்னால் பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சட்டத்தின் பிரிவு 1-ஐப் படியுங்கள். பெயருக்குக் கீழே உள்ள உட்பிரிவில்தான் தொடக்கம் இருக்கும். "அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் தேதியில் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால் இன்னும் அமலாகவில்லை, தனி அறிவிக்கை வர வேண்டும். "உடனடியாக" என்று இருந்தாலோ, ஒன்றுமே சொல்லப்படாமல் இருந்தாலோ, ஒப்புதல் அரசிதழில் வெளியான நாளைப் பாருங்கள். குறிப்பிட்ட பழைய தேதி இருந்தால் பின்னோக்கிய அமல்.

#3 பேரவைக்_குறிப்பு

மேலே சொன்னதோடு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டமுன்வடிவுக்கு ஒரு எண், சட்டமானதும் வேறு எண். சட்ட எண்ணும் ஆண்டும் ஒப்புதல் கிடைத்த ஆண்டைப் பின்பற்றும். பதிவுச் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தம் 2021 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறியது, ஆனால் சட்டமாக அதைத் தேட வேண்டியது 2022-ஆம் ஆண்டின் 41-ஆம் எண்ணில். 2021 தொகுப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அவைக்குள் நடப்பது சுருக்கமாக: அமைச்சர் அறிமுகப்படுத்த அனுமதி கேட்பார். பிறகு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தீர்மானம். அந்தக் கட்டத்தில்தான் எதிர்ப்போர் பேசுவது, தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோருவது எல்லாம். அதன்பின் பிரிவு பிரிவாக வாக்கு, கடைசியில் நிறைவேற்றும் தீர்மானம். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் வற்புறுத்திக் கேட்டால் எண்ணிக் கணிக்கும் முறை. தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லை என்பதால் இரண்டாவது அவை என்ற தடுப்பும் கிடையாது. 234 பேர் கொண்ட ஓரவை. குறைவெண் வரம்பு (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) அரசியல் சட்டப் பிரிவு 189-இன்படி பத்துப் பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. இங்கே 24 பேர் அவையில் இருந்தால் போதும்.

வரவுசெலவுக் கூட்டத்தொடரில் நாட்களில் பெரும்பகுதியை மானியக் கோரிக்கைகள் (துறைவாரியாக நிதி கேட்பது) எடுத்துக்கொள்ளும். இடையிடையே அறிமுகமாகும் சட்டமுன்வடிவுகள் கடைசி நாட்களில் குவியும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கானது) சட்டமுன்வடிவு 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் உள்ளடங்கிய நிலத்தில் வரும் பெரிய திட்டங்களைப் பற்றியது. ஏரியும் ஓடையும் சம்பந்தப்பட்ட விஷயம், கடைசி நாளில், விவாதமில்லாமல் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புதலும் வந்தது. இந்த அளவு விஷயத்துக்கு ஒரு தேர்வுக் குழுவாவது அமைத்திருக்க வேண்டும்.

#4 காவிரிக்கரை

விவாதம் இல்லாமல் நிறைவேற்றியது என்பதற்காக நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதா?

#5 வழக்காடு_மேசை

முடியாது அண்ணா. அரசியல் சட்டப் பிரிவு 212: அவை நடைமுறையில் ஒழுங்குக் குறை இருந்தது என்ற காரணத்துக்காக நடவடிக்கையின் செல்லுபடியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. ஒரே நாளில் அறிமுகமாகி அன்றே நிறைவேறினாலும் செல்லும். மாநிலத்துக்கு அதிகாரம் இல்லாத பொருள், அடிப்படை உரிமை மீறல், மத்திய சட்டத்தோடு முரண் என்ற வழிகளில்தான் தாக்க முடியும்.

வன்னியர் உள் ஒதுக்கீடு நல்ல எடுத்துக்காட்டு. 2021 பிப்ரவரி 26 அன்று நிறைவேறி அன்றே ஒப்புதல் பெற்றது. சட்டப்பேரவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாள். 2021 நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டு இடத்திலும் வேகம் காரணமாகச் சொல்லப்படவில்லை. உள் ஒதுக்கீட்டைத் தாங்கும் தரவு இல்லை என்பதே உச்ச நீதிமன்றத்தில் அதை வீழ்த்தியது.

#6 ஆலை_வாசல்

தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி இன்னும் தவறான தகவல் ஓடுகிறது. அதே 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தமும் நிறைவேறியது. 65-ஏ என்ற புதிய பிரிவு. வாராந்திர நேரம், தினசரி நேரம், இடைவேளை, கூடுதல் நேர ஊதியம் போன்ற பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு தர அரசுக்கு அதிகாரம். "12 மணி நேர வேலைச் சட்டம்" என்று பெயர் எடுத்தது அதுதான். ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவிப்பு.

அதாவது பேரவையில் நிறைவேறியும் ஒரு நாள்கூடச் சட்டமாக இருக்கவில்லை. அந்தத் திருத்தத்தைக் காட்டி "சட்டம் இருக்கிறது, 12 மணி நேரம் நில்லுங்கள்" என்று யாராவது சொன்னால் சட்ட எண்ணையும் அரசிதழ்த் தேதியையும் கேளுங்கள். இரண்டுமே இல்லை. கூடுதல் தகவல்: 2025 நவம்பர் 21 முதல் மத்தியத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டதால், இப்போது வேலை நேரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பை. பழைய 1948 சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து மனு எழுதாதீர்கள்.

#7 மலைக்கோட்டை_வாசகி

நன்றி தோழர். அடுத்த கேள்வி: ஒப்புதல் கட்டத்தில் ஆளுநர் என்னென்ன செய்யலாம்? பத்துச் சட்டமுன்வடிவு வழக்கு முடிந்த பிறகு நிலைமை மாறிவிட்டதா, இல்லையா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

#8 வழக்காடு_மேசை

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குழப்பம் இருக்காது.

அரசியல் சட்டப் பிரிவு 200-இன்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைத்துக் கருத்தோடு பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பேரவைத் தலைவர் சான்றளித்த பணச் சட்டமுன்வடிவாக இருந்தால் திருப்பி அனுப்பும் வழி கிடையாது. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவுகள் தடையின்றிப் போவது அதனால்தான். திருப்பி அனுப்பியதைப் பேரவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவிலேயே உள்ளது. "இயன்ற அளவு விரைவாக" என்பது தவிர நாள் கணக்கு எதுவும் வாசகத்தில் இல்லை.

2023 நவம்பர் 13: ஆளுநர் ஆர்.என். ரவி பத்துச் சட்டமுன்வடிவுகளைத் திருப்பினார். பெரும்பாலும் பல்கலைக்கழகத் திருத்தங்கள், இரண்டு 2020-இல் முந்தைய ஆட்சியில் நிறைவேறியவை. நவம்பர் 18: சிறப்புக் கூட்டத்தில் பத்தும் மீண்டும் நிறைவேறின. நவம்பர் 28: பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8: நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த ஒதுக்கீடு தவறு என்று சொல்லி, பிரிவு 142-ஐ (முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள தனி அதிகாரம்) பயன்படுத்தி, 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் கிடைத்ததாகக் கருதச் சொன்னது. ஒரு மாதம், மூன்று மாதம் என்ற காலவரம்புகளும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தன. ஏப்ரல் 11 அன்று பத்தும் அரசிதழில் வந்தன.

பிறகு 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகளை அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று கருத்துரை தந்தது. நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது. அதே சமயம் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்திவைக்கவும் முடியாது. காரணமின்றி, நீண்ட காலம், முடிவே தெரியாமல் வைத்திருந்தால், முடிவெடுக்கச் சொல்லி வரையறுக்கப்பட்ட ஆணை மட்டும் நீதிமன்றம் தரலாம்.

நடைமுறையில் உங்கள் குறிப்புக்கு: "மூன்று மாதம் ஆகிவிட்டது, தானாகச் சட்டமாகிவிட்டது" என்று யார் எழுதினாலும் நம்ப வேண்டாம்.

#9 காவிரிக்கரை

அப்படியானால் அந்தப் பத்துச் சட்டங்களும் போய்விட்டனவா?

#10 வழக்காடு_மேசை

இல்லை. பிரிவு 143 கருத்துரை மேல்முறையீடு ஆகாது. இரு தரப்புக்கு இடையே வந்த தீர்ப்பைக் கருத்துரை தானாகக் கலைத்துவிடாது. அரசிதழில் வந்தது அரசிதழில் இருக்கிறது.

ஆனால் அரசிதழில் இருப்பது வேறு, இயங்குவது வேறு. துணைவேந்தர் நியமனத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் திருத்தங்களை 2025 மே 21 அன்றே சென்னை உயர் நீதிமன்ற விடுமுறைக்கால அமர்வு இடைக்காலத் தடையில் வைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளோடு முரண் என்பது வாதம். ஆகவே ஐந்து தேதிகளுக்குப் பிறகு ஆறாவதாக ஒரு கேள்வியும் உண்டு: நீதிமன்றத் தடை இருக்கிறதா?

#11 பேரவைக்_குறிப்பு

கருத்துரை வந்தது வந்ததுதான், ஆனால் எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இரண்டு முறை நிறைவேற்றியதை மூன்று நான்கு ஆண்டுகள் மேசையில் வைத்திருக்க முடியும் என்றால், மாநிலம் திட்டமிடுவது எப்படி? துணைவேந்தர் இல்லாமல் பட்டமளிப்புச் சான்றிதழில் கையெழுத்துக்கு மாணவர்கள் காத்திருந்தார்கள். "வரையறுக்கப்பட்ட ஆணை" பெறவே ஒவ்வொரு முறையும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டுமா?

#12 வழக்காடு_மேசை

அந்த ஆதங்கத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் கருத்துரையில் அரசுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது: திருப்பாமல் நிறுத்திவைக்கும் வழியை அடைத்தது. பஞ்சாப் ஆளுநர் தொடர்பான வழக்கில் 2023 நவம்பர் 10 அன்று மூன்று நீதிபதிகள் சொன்னதை ஐந்து நீதிபதிகள் இப்போது உறுதி செய்திருக்கிறார்கள். திருப்பி வந்தால் பேரவை மீண்டும் நிறைவேற்ற முடியும். திருப்பாமலே வைத்திருந்தால் அந்த வாய்ப்பே கிடைக்காது. இந்த வேறுபாடு பெரியது.

#13 பத்திரப்பதிவு_மேசை

குடியிருப்போர் சங்கம் என்றதால் நிலம், வீடு சம்பந்தப்பட்ட மூன்றைச் சொல்கிறேன். மூன்றிலும் தவறு நடக்கும் இடம் வெவ்வேறு.

முதலாவது வாடகை. நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017-இன் 42-ஆம் எண். பேர் 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22, விதிகளோடு சேர்த்து. அதுவரை 1960-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே ஓடியது. சட்டத்தின் பெயரில் இருக்கும் ஆண்டைத் தொடக்க ஆண்டாக எடுத்துக்கொண்டு 2018-இல் எழுந்த தகராறுக்குப் புதிய சட்டத்தின் பிரிவைக் காட்டி அறிவிப்பு அனுப்பினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் பத்தியிலேயே அதை அடித்துவிடுவார்.

இரண்டாவது பதிவுச் சட்டம் 77-ஏ. போலி ஆவணப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற பிரிவு. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 2022 ஆகஸ்ட் 16 முதல் அமல். ஏராளமான மனுக்கள் போயின. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. உரிமையைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்பதே அடிப்படை. இன்றும் 77-ஏ மாதிரி மனு என்று ஒரு படிவம் சுற்றுகிறது. அதை நிரப்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது விதி 55-ஏ. விற்பவர் தன் முந்தைய மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்றது. இது சட்டத்தில் இல்லாமல் விதியில் மட்டும் இருந்தது. 1908 பதிவுச் சட்டம் உரிமையைச் சரிபார்க்கும் அதிகாரத்தைச் சார்பதிவாளருக்குத் தரவில்லை, தாய்ச் சட்டம் தராததை விதி தர முடியாது என்று 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதே மாதக் கூட்டத்தொடரில் பேரவை அதைச் சட்டப் பிரிவாகவே கொண்டுவர ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. பேரவை இப்படி உடனே எழுந்து ஓட்டையை அடைப்பது நல்ல பழக்கம் என்றே சொல்வேன்.

#14 காவிரிக்கரை

பதிவுச் சட்டத் திருத்தத்துக்கு ஏன் குடியரசுத் தலைவர் வரை போக வேண்டும்? மாநிலப் பதிவுத் துறைதானே?

#15 வழக்காடு_மேசை

பத்திரப் பதிவு பொதுப்பட்டியலில் (மத்தியும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொருள்கள்) இருக்கிறது அண்ணா, 1908 சட்டம் மத்தியச் சட்டம். பொதுப்பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் மாநிலச் சட்டம் அந்த அளவுக்கு விழும். பிரிவு 254(2)-இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் இருந்தால் அந்த மாநிலத்தில் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும். அரசிதழ்_வாசகன் மேலே சொன்ன தலைப்பகுதி வரி இதற்குத்தான்.

வேகமாக நடந்தது ஜல்லிக்கட்டு. 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று பேரவையில் நிறைவேற்றம், 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது.

கிடைக்காமலே போனது நீட் விலக்கு. 2021 செப்டம்பர் 13 நிறைவேற்றம், 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பினார், பிப்ரவரி 8 சிறப்புக் கூட்டத்தில் மீண்டும் நிறைவேற்றம், பிறகு குடியரசுத் தலைவருக்குப் போனது, ஒப்புதல் மறுக்கப்பட்டதைப் பேரவையில் முதலமைச்சர் 2025 ஏப்ரல் 4 அன்று அறிவித்தார். மீண்டும் நிறைவேற்றுவது ஆளுநரைத்தான் கட்டுப்படுத்தும். பிரிவு 201-இன் கீழ் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பி, பேரவை ஆறு மாதத்துக்குள் மறுபடி நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வாசகத்தில் இல்லை.

நான் எல்லோரையும் ஒருமுறை படிக்கச் சொல்வது நிலம் கையகப்படுத்தல் சட்டம் 105-ஏ கதை. மத்தியச் சட்டத்துக்கு 2013 செப்டம்பர் கடைசியில் ஒப்புதல், 2014 ஜனவரி 1 முதல் அமல். தமிழ்நாட்டின் மூன்று கையகப்படுத்தல் சட்டங்களைக் காப்பாற்ற (ஆதிதிராவிடர் நலம், தொழில் நோக்கம், நெடுஞ்சாலை) பேரவை 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. ஆனாலும் 2019 ஜூலை 3 அன்று உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மத்தியச் சட்டம் உருவான 2013 செப்டம்பர் 27 அன்றே மாநிலச் சட்டங்கள் செத்துவிட்டன, பிறகு ஒரு பிரிவைச் சேர்த்தால் அவை எழுந்துவிடாது, மீண்டும் இயற்ற வேண்டும் என்றது. உடனே பேரவை 2019-இன் 38-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. 2013 செப்டம்பர் 26 முதல் பின்னோக்கிப் புத்துயிர், புதிதாகக் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சரி என்றது. பின்னோக்கிய தேதி ஏன் செப்டம்பர் 26 என்பதைக் கவனியுங்கள்: மத்தியச் சட்டம் உருவானதாக உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட தேதிக்கு முந்தைய நாள். சட்டத்துறையில் அந்த ஒற்றைத் தேதியைச் சரியாகப் போட்டவர் மாநிலத்தின் பல சாலைத் திட்டங்களைக் காப்பாற்றினார்.

#16 மலைக்கோட்டை_வாசகி

அவசரச் சட்டம் என்று இடையில் வந்ததே, அதற்குக் காலாவதி உண்டா?

#17 அரசிதழ்_வாசகன்

உண்டு, கணக்குப் போட்டே சொல்லலாம். பேரவை கூடாத காலத்தில் பிரிவு 213-இன் கீழ் ஆளுநர் பிறப்பிப்பது. பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் உயிர். பிறப்பித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது.

இணையவழிச் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் 2022 அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. பேரவை அக்டோபர் 17 அன்று கூடியது. 42 நாட்களை எண்ணினால் நவம்பர் 27-ஓடு முடிந்தது. அக்டோபர் 19 அன்றே அதற்கு மாற்றான சட்டமுன்வடிவைப் பேரவை நிறைவேற்றிவிட்டது, ஆனால் ஒப்புதல் வரவில்லை. ஆளுநர் 2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பினார், மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றம், ஏப்ரல் 7 அன்று ஒப்புதல், 2023-இன் 9-ஆம் எண் சட்டம், ஏப்ரல் 21 முதல் அமல்.

அதாவது நவம்பர் 28 முதல் ஏப்ரல் 20 வரை தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. அந்த இடைவெளியில் நடந்த ஒன்றுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. செய்த நாளில் குற்றமாக இல்லாததைப் பின்னால் வந்த சட்டத்தால் தண்டிக்கப் பிரிவு 20(1) அனுமதிக்காது. கடனில் மூழ்கித் தற்கொலைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு ஒப்புதல் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை மொத்தத்தில் ஏற்று, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இன்று இதற்கு மேல் 2025-இன் மத்திய இணையவழி விளையாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

#18 பேரவைக்_குறிப்பு

ஒப்புதலுக்குக் காத்திராமல் அரசாணை வழியாக அமல்படுத்திய முன்னுதாரணமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு. 2020 செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது, மாணவர் சேர்க்கை நெருங்கியும் ஒப்புதல் வரவில்லை. அக்டோபர் 29 அன்று பிரிவு 162-இன் நிர்வாக அதிகாரத்தில் அரசாணை வெளியிட்டார்கள். மறுநாள் ஆளுநர் ஒப்புதல் தந்தார். எதிராக வேறு சட்டம் இல்லாத இடத்தில்தான் இந்த வழி செல்லும். தண்டனை விதிப்பது, வரி போடுவது ஆகியவற்றை அரசாணையால் செய்ய முடியாது.

#19 மலைக்கோட்டை_வாசகி

ஒரு திருத்தச் சட்டமுன்வடிவைக் கையில் எடுத்தால் ஒன்றுமே புரிவதில்லை. "இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்" என்று இரண்டு பக்கம். எப்படிப் படிப்பது?

#20 அரசிதழ்_வாசகன்

பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசியில் உள்ள நோக்கக் காரண விளக்கவுரையை முதலில் படியுங்கள், ஏன் கொண்டுவந்தார்கள் என்பது அரைப் பக்கத்தில் இருக்கும். அதற்கு அருகில் நிதிக் குறிப்பும், விதி வகுக்கும் அதிகாரத்தை எந்தப் பிரிவில் அரசுக்கு விட்டிருக்கிறார்கள் என்ற குறிப்பும் இருந்தால் அதை விடாதீர்கள். அசல் சுமை பெரும்பாலும் விதியில் வரும்: கட்டணம், படிவம், கால அவகாசம், மேல்முறையீட்டு அலுவலர். சட்டம் அமலானாலும் விதி வராவிட்டால் அலுவலகத்தில் "படிவம் இல்லை" என்பார்கள்.

அடுத்து தாய்ச் சட்டத்தின் இன்றைய வாசகத்தை அச்செடுத்து, திருத்தத்தைப் பேனாவால் அதிலேயே ஏற்றுங்கள். நீக்கியதை அடித்து, சேர்த்ததை ஓரத்தில் எழுதி, பக்கத்தில் சட்ட எண்ணும் அமல் தேதியும். பழைய வாசகத்தை அழித்துவிடாதீர்கள், முந்தைய காலத் தகராறுக்கு அதுதான் வேண்டும். கடையில் வாங்கிய புத்தகத்தையும் இணையத் தொகுப்பையும் மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோடு தளத்தில்கூட மாநிலத் திருத்தம் ஏறுவதற்கு நாளாகும். கடைசியாக ஏறிய திருத்தத்தின் ஆண்டைப் பார்த்து, அதற்குப் பிந்தைய அரசிதழ்ப் பகுதி 4-ஐ ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

விதி வரை ஒழுங்காகப் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன இடம் தரும் இரண்டு திருத்தங்களை 2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சரே அறிமுகப்படுத்தினார். அதே கூட்டத்தொடரில் நிறைவேறி, ஒப்புதல் பெற்று, ஜூலையில் விண்ணப்பமே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அரசு நினைத்தால் மூன்று மாதத்துக்குள் முழுச் சங்கிலியும் ஓடும்.

#21 ஆலை_வாசல்

எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சட்டத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. கேட்க வேண்டியவை: சட்டமுன்வடிவு எண், ஆளுநர் அலுவலகத்துக்கு அனுப்பிய தேதி, ஒப்புதல் தேதி, அரசிதழ் எண் தேதி, தொடக்க அறிவிக்கையின் நகல், விதி வெளியிட்ட அரசாணை எண். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். தேதியும் நகலும் கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும். அமலுக்குப் பிந்தைய விதிகள் அந்தந்தத் துறையில் இருக்கும், அதற்குத் தனி மனு. ஆளுநர் செயலகத்துக்கும் தனித் தகவல் அலுவலர் உண்டு.

#22 காவிரிக்கரை

கடைசியாக ஒன்று. தேர்தல் வந்து பேரவை கலைந்துவிட்டால், நிலுவையில் உள்ளவை எல்லாம் போய்விடுமா?

#23 வழக்காடு_மேசை

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கூட்டத்தொடரை முடித்துவைத்தால் எதுவும் போகாது, பிரிவு 196(3). பேரவை கலைந்தால், அவையில் அறிமுகமாகி நிறைவேறாமல் நிற்பவை காலாவதி, 196(5). அவை நிறைவேற்றி, ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ காத்திருப்பவை காலாவதியாகாது. கேரள வேளாண் உறவுச் சட்டம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் சொன்னது. 2020-இல் நிறைவேறிய அந்த இரண்டு பல்கலைக்கழகத் திருத்தங்கள் 2021 தேர்தலைத் தாண்டி 2023-இல் திருப்பி அனுப்பப்பட்டதே இதற்கு நம் ஊர்ச் சான்று. புதிய பேரவையே அவற்றை மறுபடி நிறைவேற்றியது.

#24 மலைக்கோட்டை_வாசகி

போதுமான அளவு கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி. சங்கக் குறிப்பில் ஒவ்வொரு சட்டமுன்வடிவுக்கும் ஒரு வரி: நிறைவேறிய நாள், ஒப்புதல் யார் என்று, சட்ட எண், பிரிவு 1-இல் உள்ள தொடக்க வாசகம், அறிவிக்கைத் தேதி, விதி அரசாணை எண், தடை உண்டா. காலியாக உள்ள கட்டத்தில் "இன்னும் இல்லை" என்றே எழுதப் போகிறேன். வாடகைச் சட்டத்தையும் 77-ஏ ரத்தையும் முதல் பக்கத்தில் வைக்கிறேன்.

#25 பத்திரப்பதிவு_மேசை

அந்த வரியில் "சரிபார்த்த தேதி" என்று ஒரு கட்டமும் சேருங்கள் மேடம். தடை ஆணை நீங்கலாம், புதிதாகவும் வரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழ்ப் பகுதி 4-ஐயும் உயர் நீதிமன்றத் தளத்தில் அந்த வழக்கின் நிலையையும் பார்த்துத் தேதியை மாற்றிவிடுங்கள்.